கத்தரி ஓய்ந்தால்தான் காமினி பூக்கும்

புதுச்சேரியிலும் கடலூரிலும் புது வீடு கட்டுகிறவர்கள் மதில் ஓரத்துக்கு வாங்கும் செடிகளில் காமினி முக்கியமானது. பளபளக்கும் கரும்பச்சை இலை, கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ, தெருமுனை வரை எட்டும் வாசம், மார்கழி வாக்கில் சிவக்கும் பழம். நர்சரியில் பூவோடு நிற்கும் செடியைப் பார்த்து ஆசைப்பட்டு இருபது முப்பது செடி வாங்கி வரிசையாக நட்டுவிடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் வேலி பச்சைச் சுவராக நிற்கிறது. பூவைத் தேட வேண்டியிருக்கிறது. மலட்டுச் செடியைக் கொடுத்துவிட்டார்கள் என்று நர்சரிக்காரருக்குத் திட்டு விழும். செடி மேல் குற்றம் இல்லை. மாதம் தவறாமல் வந்து தலையை மட்டம் வெட்டிவிட்டுப் போகும் கத்தரிதான் காரணம்.

காமினி பூப்பது புதுக் கிளையின் நுனியில். வெட்டிய இடத்தில் தளிர் கிளம்பி, இலை விரிந்து, கொஞ்சம் முற்றிய பிறகுதான் நுனியில் மொட்டுக்கொத்து கட்டும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அந்த அவகாசம் கொடுக்காமல் அடுத்த வெட்டு விழுந்தால் மொட்டு கட்ட வேண்டிய நுனி குப்பைக்கூடைக்குப் போகிறது. செடி மறுபடி தளிர்விடும், மறுபடி வெட்டு. வேலி அழகாக இருக்கும், பூ வராது. பூ இல்லாத இடத்தில் பழமும் இல்லை.

செடியை முதலில் சரியாக அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டுக் கருவேப்பிலை என்றும் சொல்வார்கள். தாவரவியலில் முர்ராயா பேனிகுலேட்டா. ஓர் இலைக்காம்பில் 3 முதல் 9 சிற்றிலை, நுனியில் இருப்பதுதான் பெரும்பாலும் பெரியது. ஓர் இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை அளவில் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். பூவுக்கு ஐந்து இதழ், விரிந்ததும் பின்னால் வளையும். நடுவில் பத்து மகரந்தக் காம்புகள், ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று மாறி மாறி நிற்கும். கருவேப்பிலையில் சிற்றிலைகள் பத்துக்கு மேல் இருக்கும், பழமும் கருக்கும். காமினிப் பழம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. காமினி இலை தாளிப்புக்கு ஆகாது, பழமும் நாம் தின்பதற்கு இல்லை. கருவேப்பிலையின் தாவரப் பெயரில் ஒட்டியிருக்கும் கோனிக், 1768ல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து இந்தக் கடற்கரைச் செடிகளைச் சேகரித்தவர், ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர். முர்ராயா என்ற பெயருக்குரிய முர்ரேயும் அதே ஆசிரியரிடம் படித்தவர்தான்.

நம் பக்கத்து மண் ஒரே மாதிரி இல்லை. செடிக்கு வரும் தொல்லையில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. காலாப்பட்டு, ஆரோவில் மேடு, கடலூர் கேப்பர் மலைப் பக்கம் செம்மண். தண்ணீர் நிற்காது, காமினிக்குத் தோதான மண். இங்கே ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி, எடுத்த மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழு உரம் 5 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 200 கிராம் கலந்து மூடினால் வேலை முடிந்தது. தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மாதிரி கடலோர மணலில் ஊற்றிய தண்ணீர் அன்றே கீழே இறங்கிவிடும். குழியை இரண்டடியாக அகலப்படுத்தி, பாதிக்குப் பாதி செம்மண்ணும் மட்கும் நிரப்ப வேண்டும். தென்னை நார்க்கழிவு சேர்ப்பதாக இருந்தால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிய பிறகு சேருங்கள். அலசாத நார்க்கழிவில் உப்பு இருக்கும், மணல் மண்ணில் அது நேராக வேரைச் சுடும்.

பாகூர்ப் பக்கத்துக் களிமண்தான் கவனம் கேட்கிறது. அங்கே குழி வெட்டி நடுவது செடியைத் தொட்டிக்குள் முக்கி வைப்பதற்குச் சமம். ஐப்பசி மழையில் குழிக்குள் இறங்கிய தண்ணீர் வெளியேற வழி இருக்காது. தரைக்கு மேல் ஓரடி உயரம், இரண்டரை அடி அகலத்தில் மண் வரப்பு கட்டி அதன் மேல் நடுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் பள்ளத்தில் நிற்கும் செடியின் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகல் உடனே வெளியே தெரியாது. தண்ணீர் வடிந்து சில நாள், சில வாரம் கழித்து ஈர மண்ணில் நிற்கும்போதே இலை தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். அதோடு செடி போய்விடும். இலை தொங்கினால் குழாயைத் திறக்கும் முன் விரலை மண்ணுக்குள் நான்கு அங்குலம் விட்டுப் பாருங்கள்.

நடுவதற்கு ஆடி, ஆவணி நல்லது. சாயங்கால மழை அவ்வப்போது கிடைக்கும், பெருமழைக்கு முன் வேர் பிடிக்க இரண்டு மாதம் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நட வேண்டாம். கத்திரி வெயிலில் நட்டுத் தினம் இரண்டு வேளை தண்ணீர் தூக்குவதும் வீண் பாடு.

நம் ஊர் நர்சரிகளில் இருப்பதில் கணிசமான செடி ஆந்திராவின் கடியத்திலிருந்து வருவது. வேரைச் சுற்றிக் கெட்டியான களிமண் உருண்டை இருக்கும். அதை அப்படியே செம்மண்ணிலோ மணலிலோ வைத்தால் சுற்றியுள்ள மண் நனையும், உருண்டையின் உள்ளே தண்ணீர் இறங்காது. கவரைக் கிழித்ததும் உருண்டையை அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் வைத்து, வெளிப்பக்கம் ஒரு அங்குல மண்ணைக் கையால் மெல்ல உதிர்த்து, சுற்றிச் சுற்றி ஓடும் வேர்களை வெட்டிவிட்டு நடுங்கள். வாங்கும்போது பூவோடு நிற்கும் உயரமான ஒற்றைத்தண்டுச் செடியை விட, அடியிலிருந்தே மூன்று நான்கு கிளை விட்ட ஒன்றரை அடிச் செடி மேல். ஒற்றைத்தண்டுச் செடியில் வேலியின் அடிப்பகுதி என்றைக்கும் ஓட்டையாகவே இருக்கும்.

இடைவெளியை முன்கூட்டியே தீர்மானியுங்கள். இடுப்பளவு வெட்டு வேலி என்றால் இரண்டடிக்கு ஒன்று. 30 அடி மதிலுக்கு 15 செடி போதும். பூவும் பழமும் வேண்டும் என்றால் மூன்றடிக்கு ஒன்றாகப் பத்துச் செடி வைத்து, ஆறடி உயரம் வரை விட்டுவிடுங்கள். என் தேர்வு இரண்டாவதுதான். நான்கு அங்குல இடைவெளியில் அடர்த்தியாக நட்டு அழகு பார்க்க காமினி ஏற்ற செடி இல்லை. மதிலிலிருந்து இரண்டடி தள்ளி நட்டால் பின்பக்கமும் காற்றும் வெளிச்சமும் போகும், பூச்சி மருந்து அடிக்கவும் ஆள் நுழையலாம். தினம் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். பக்கத்து மாடி நிழலில் நிற்கும் காமினி இலை விடும், பூவுக்குக் கணக்குப் பார்க்கும்.

இனி கத்தரிக்கு வருவோம். நம் ஊர்ப் பருவத்துக்கு வருடத்தில் இரண்டு வெட்டு போதும். பெரிய வெட்டு தை கடைசி அல்லது மாசி: மழை ஓய்ந்திருக்கும், பழத்தைப் பறவைகள் காலி செய்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். உள்பக்கம் காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை எல்லாவற்றையும் கவாத்துக் கத்தரியால் அடியோடு எடுக்க வேண்டும். அந்த வெட்டில் வரும் தளிர் பங்குனி, சித்திரையில் முற்றி நிற்கும். கோடை மழை ஒன்று நன்றாக இறங்கினால் இரண்டு மூன்று வாரத்தில் முதல் பூ வரும். மண் கொஞ்சம் காய்வதும் அதன் பின் வரும் ஈரமும்தான் காமினியைப் பூக்க வைக்கிறது. தினம் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துக்கொண்டே இருக்கும் சொட்டுநீரில் இலை செழிக்கும், பூ சிதறலாகத்தான் வரும்.

இரண்டாவது வெட்டு, அந்தப் பூ உதிர்ந்ததும், ஆனி மாதத்துக்குள். நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளை மட்டும் ஒரு சாண் அளவுக்கு எடுங்கள். ஆடி பிறந்த பிறகு கத்தரியை எடுத்து வைத்துவிட வேண்டும். இந்த இரண்டாவது வெட்டில் வரும் தளிர்தான் ஆவணி, புரட்டாசி மழைக்குக் கொத்தோடு பூத்து, ஐப்பசி, கார்த்திகையில் பச்சைக் காயாகி, மார்கழியில் சிவக்கும். நவராத்திரிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று வேலியையும் சேர்த்து வெட்டுகிறவர்கள் அந்த வருடப் பழம் முழுவதையும் வெட்டிப் போட்டுவிடுகிறார்கள். பழம் வேண்டாம், பூ மட்டும் போதும் என்றால் பூ உதிர்ந்த பத்து நாளில் காம்புக்குக் கீழ் இரண்டு இலை சேர்த்து நறுக்குங்கள். காய்க்குப் போகும் சத்து அடுத்த தளிருக்குப் போகும்.

வெட்டும்போது வேலியின் அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் இருக்கட்டும். நம் ஊரில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் வெட்டுகிறார்கள்: மேலே விரிந்து, கீழே ஒடுங்கி. மேல் இலைகளின் நிழலில் அடிக்கிளைகள் காய்ந்து மூன்று வருடத்தில் வேலிக்குக் கால் தெரியும்.

அடிக்கடி வெட்டுவதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. பூ வராததை விட அது பெரியது. காமினி, எலுமிச்சை, நாரத்தை, கருவேப்பிலை எல்லாம் ஒரே குடும்பம். எலுமிச்சையைச் சாகடிக்கும் கிரீனிங் நோயைப் பரப்பும் சைலிட் பூச்சிக்குக் காமினித் தளிர் விருப்பமான உணவு. விரியாத இளம் தளிரில் மட்டும்தான் அது முட்டையிடும். மாதாமாதம் வெட்டினால் மாதாமாதம் தளிர். பூச்சிக்கு வருடம் முழுக்க தொட்டில் கட்டிக் கொடுத்தது போல ஆகிறது. ஃபுளோரிடாவில் 1998ல் இந்தப் பூச்சி கண்டறியப்பட்டது, 2005ல் நோயும் வந்துவிட்டது. கடைகளில் விற்ற காமினிக் கன்றுகள் வழியாகவும் பூச்சி ஊர் ஊராகப் போனது.

கண்டுபிடிப்பது சிரமம் இல்லை. காலையில் ஒரு தளிரைத் தொடாமல் பக்கவாட்டில் பாருங்கள். 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீளத்தில், பழுப்புத் திட்டுகளோடு, தலையை இலையில் பதித்து வாலைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்திருந்தால் அது சைலிட். அதன் குஞ்சுகள் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் தட்டையாகத் தளிர்க்காம்பில் ஒட்டியிருக்கும், பின்பக்கத்திலிருந்து வெள்ளை மெழுகு இழை சுருள் சுருளாக வெளியே வரும். தளிர் முறுக்கிக்கொண்டு, கீழ் இலைகளில் பிசுபிசுப்பும் அதன் மேல் கரும்பூஞ்சையும் படியும். தளிர் அரை அங்குலம் இருக்கும்போதே லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் 1 மில்லி கலந்து, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடியுங்கள். ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை அடித்தால்தான் முட்டையிலிருந்து பின்னால் வருவதும் அடங்கும். உச்சி வெயிலில் அடித்தால் தளிர் கருகும். பூ விரிந்திருக்கும் நாட்களில் எந்த மருந்தும் வேண்டாம். கொத்துகளில் தேனீ இருக்கும், தேனீ போனால் காயும் குறையும்.

நன்றாகக் காய்க்கும் எலுமிச்சை மரம் வீட்டில் இருந்தால் காமினி வேலி வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பூச்சி பறக்கக்கூடியது, ஒரு வீட்டு மனைக்குள் பாதுகாப்பான தூரம் என்று ஒன்று கிடையாது. இரண்டும் ஏற்கெனவே இருந்தால் வேலி முழுவதையும் ஒரே நாளில் வெட்டுங்கள். பகுதி பகுதியாக வெட்டினால் தளிரும் பகுதி பகுதியாக வந்துகொண்டே இருக்கும், மருந்து எப்போது அடிப்பது என்றே தெரியாது.

இலையைத் தின்னும் புழு வேறு கதை. குட்டியாக இருக்கும்போது பறவை எச்சம் என்றே தோன்றும்; வளர்ந்ததும் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டைக் கொம்பை நீட்டி ஒரு நெடி விடும். அழகான கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு அது. பெரிய செடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, விட்டுவிடுங்கள். கன்றில் இருந்தால் எடுத்துப் பெரிய செடியில் விடலாம்.

கடலோரத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இரண்டு தொல்லை. உப்பு ஏறினால் முதிர்ந்த இலையின் நுனியும் ஓரமும் காய்ந்து பழுப்பாகும். மாதம் ஒரு முறை செடிக்கு இரண்டு குடம் நல்ல தண்ணீரோ மழைநீரோ ஊற்றி உப்பைக் கீழே இறக்க வேண்டும். இரண்டாவது, புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது. இது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. மண்ணில் இரும்பு இருக்கும், காரத்தன்மையால் வேருக்குக் கிடைக்காது. சிமென்ட் பூசிய புது மதில் ஓரத்தில் இது அதிகம், ஏனென்றால் கட்டடக் கழிவும் சுண்ணாம்பும் அந்த மண்ணுக்குள் புதைந்திருக்கும்; நடும் முன் அதை வாரி வெளியே போட்டால் பாதித் தொல்லை தீரும். லிட்டருக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைத்து, கலக்கிய உடனே இலைமேல் தெளியுங்கள். பழுப்பாக மாறிய கரைசல் பயன்படாது. மதிலில் பட்டால் துருக்கறை விழும். மண்ணில் இட வேண்டுமானால் கடையில் இடிடிஎச்ஏ இரும்பு என்று கேட்டு வாங்குங்கள்; மலிவாகக் கிடைக்கும் இடிடிஏ இரும்பு காரமண்ணில் நிற்காது. முதிர்ந்த இலை மஞ்சளாகி இளம் இலை பச்சையாக இருந்தால் அது இரும்புக் குறை இல்லை. தழைச்சத்துக் குறையாகவோ தண்ணீர் தேங்கியதாகவோ இருக்கும்.

உரம் அதிகம் கேட்காத செடி இது. வளர்ந்த செடிக்கு வருடம் இரண்டு முறை, வெட்டு முடிந்ததும் மட்கு 3 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 100 கிராம். யூரியா போட்டால் இலை குண்டாகும், பூ தள்ளிப்போகும், சைலிட் கூடும்.

விதையில் வளர்ப்பதாக இருந்தால் நன்கு சிவந்த பழத்தைப் பறித்து விரலால் பிதுக்குங்கள். உள்ளே ஒன்று அல்லது இரண்டு விதை, மேலே மெல்லிய பஞ்சு ரோமம் ஒட்டியிருக்கும். சதை போகக் கழுவி, நிழலில் ஒரு நாள் உலர்த்தி, அந்த வாரமே அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த விதை சரியாக முளைக்காது. மூன்று முதல் ஐந்து வாரத்தில் முளை தெரியும், பூவுக்கு இரண்டு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். சீக்கிரம் வேண்டும் என்றால் பதியன். ஆனி, ஆடியில் பென்சில் கனக் கிளையில் ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, அடியில் இருக்கும் வழுவழுப்பைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, மேல் விளிம்பில் வேர் வளர்ச்சிப் பொடி தடவி, ஈர நார்க்கழிவை வைத்து பாலிதீனால் இறுக்கிக் கட்டுங்கள். அந்த வழுவழுப்பு மிச்சம் இருந்தால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. இரண்டு மாதத்தில் பாலிதீன் வழியே வெள்ளை வேர் தெரியும்போது வெட்டிப் பையில் வையுங்கள்.

பழம் சிவந்ததும் சின்னான்களும் குயில்களும் வந்துவிடும். அவை போட்ட விதையில் வேலிக்கு அடியிலும் பக்கத்து மனையிலும் கன்று முளைக்கும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் இப்படிப் பரவித்தான் இதைக் களையாகப் பார்க்கிறார்கள். நம் பக்கம் தாயகத்துச் செடி என்றாலும், நான்கைந்து இலை விட்ட கன்றை ஈரம் இருக்கும்போது வேரோடு பிடுங்கிப் பையில் வைத்து யாருக்காவது கொடுக்கலாம்.

புயலுக்குப் பிறகு ஒரு வேலை உண்டு. 2011 டிசம்பர் 30ல் ‘தானே’ புயல் அடித்ததைப் போன்ற உப்புக்காற்றில் கடலோரச் செடிகளின் இலை இரண்டு மூன்று நாளில் பழுப்பாகும். காற்று ஓய்ந்த அன்றே நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவுங்கள். பழுப்பானதும் கத்தரியை எடுக்காமல் பொறுங்கள். நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை இருக்கும் வரை கிளைக்கு உயிர் உண்டு, ஒரு மாதத்தில் எங்கே தளிர் வருகிறது என்று பார்த்து அதற்கு மேலே இருப்பதை மட்டும் எடுங்கள்.

பல வருடம் மட்டம் வெட்டி, மேலே மட்டும் இலையும் கீழே குச்சியுமாக நிற்கும் பழைய வேலியையும் மீட்கலாம். முழுதையும் ஒரே நேரத்தில் மொட்டையடித்தால் கோடை வெயில் தண்டைச் சுடும். முதல் மாசியில் தெருப்பக்கத்துக் கிளைகளை மட்டும் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு இறக்குங்கள், மட்கு போட்டு வாரம் ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். அடுத்த மாசியில் வீட்டுப்பக்கம். இரண்டு பக்கமும் புதுக் கிளை வந்த பிறகு, மூன்றாம் வருடம் ஆடியிலிருந்து கை வைக்காமல் விட்டால் புரட்டாசிக்குள் அடியிலிருந்து நுனி வரை பூ இருக்கும்.